இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் கேட்டது

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கட்டடத்தை எல்லாரும் 'பொம்மை ஆபீஸ்' என்றுதான் சொன்னார்கள். வாசலில் 'வட்டாரக் கலைக்கூடம்' என்று பலகை இருந்தது. முன்பு நெல் கிடங்காக இருந்த ஓட்டுக் கட்டடம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு குழாய். சுற்றுவட்டாரத்து ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் கிடைத்த சிலைகள், தேரிலிருந்து கழன்ற மரப்பலகைகள், மண் பொம்மைகள், வண்ணம் மங்கிய சில ஓவியங்கள் அங்கே இருந்தன. இவற்றுக்கெல்லாம் பொறுப்பாக ஒரு அம்மா இருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரை ஆபீசரம்மா என்றார்கள், மீதிப் பேர் பொம்மைக்காரம்மா என்றார்கள். நான் மேடம் என்றேன். அக்கா என்று கூப்பிட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. கூப்பிட்டிருந்தால் அவருக்குப் பிடித்திருக்குமா என்றும் தெரியவில்லை.

எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"நீ பாத்தியா?"

கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருப்பார். கோட்டுக்கு இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'கேட்டது'. ஒரு சிலை வந்தால் அதன் உயரம், கல்லின் நிறம், மூக்கு இருக்கிறதா, கை எத்தனை என்பதெல்லாம் இடப்பக்கம். இது ராஜா காலத்தது, இதைத் தொட்டவன் குடும்பம் விளங்கவில்லை, ராத்திரியில் சலங்கை சத்தம் கேட்கும் என்று கொண்டுவந்தவர்கள் சொல்வதெல்லாம் வலப்பக்கம். வலப்பக்கத்தை அவர் கேலி செய்து நான் பார்த்ததில்லை. இடப்பக்கத்தைவிட அழகான கையெழுத்தில்தான் எழுதுவார். ஆனால் ஒருநாளும் கோட்டைத் தாண்டி ஒரு சொல்லை இந்தப் பக்கம் கொண்டுவர மாட்டார்.

நான் அங்கே போக ஆரம்பித்ததற்குக் கலை ஆர்வம் காரணமில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தொண்ணூற்றொன்றில் எனக்கு இருபத்துநாலு வயது. பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்திருந்தேன். இரண்டு வயதில் திவ்யா. என் வீட்டுக்காரருக்குத் தண்டலம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் மத்தியானம் வரை தூங்க வேண்டும். இருந்தது ஒரே அறை, மேலே சிமென்ட் ஷீட். குழந்தை சத்தம் போட்டால் அவர் தூக்கம் கெடும், சத்தம் போடாமல் உட்காரவைத்தால் புழுக்கத்தில் அவள் உடம்பெல்லாம் வேர்க்குரு. இரண்டு பேரில் யாருக்குக் குறை வைத்தாலும் என் மனசு அடித்துக்கொள்ளும். பொம்மை ஆபீஸில் தரை சில்லென்று இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பதினோரு மணிக்கு ஒரு துண்டும் பால் புட்டியும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

என்னைப் போல நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், பரீட்சைக்குப் படிக்கும் பையன்கள், பேப்பர் படிக்க வரும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். மேடம் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. போகும்போது மட்டும் கேட்பார். "இன்னிக்கு என்ன பாத்தே?" சும்மா ஒதுங்க வந்தவர்கள்கூட இந்தக் கேள்விக்குப் பயந்து ஏதாவது ஒன்றை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

முதல் அறையில் கதவுக்கு நேரே ஒரு கல் இருந்தது. பருத்த வயிறோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் கவிழ்ந்து கிடந்ததாம். முதுகு சமமாக இருந்ததால் அந்த ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் துணி துவைத்திருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தபோதுதான் உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. அதன் கீழே மேடம் கைப்பட எழுதி மாட்டியிருந்த அட்டை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

'பார்த்தது: அமர்ந்த பெண். இரு பக்கமும் பிள்ளைகள். ஒரு மூலையில் காக்கைக் கொடி. முதுகில் துவைத்துத் தேய்ந்த பள்ளம். கேட்டது: இவள் மூதேவி என்கிறார்கள். துவைத்தவர்கள் வந்து மன்னிப்புக் கேட்டு மஞ்சள் பூசிவிட்டுப் போனார்கள். இவளுக்கு முதலில் என்ன பெயர் இருந்தது என்று தெரியவில்லை.'

முதல் வாரம் அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் திவ்யாவின் கண்ணைப் பொத்திக்கொண்டு போவேன். அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் அந்தக் கல்லுக்கு எதிரில்தான் சுவரில் சாய்ந்து பால் கொடுப்பார்கள், ஃபேன் அங்கேதான் இருந்தது. நாலைந்து நாள் அதைப் பார்த்தபிறகு என் கை தானாக இறங்கிவிட்டது.

அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஊரில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஊரில் எல்லாருமே அன்றைக்கு அங்கே நின்றவர்களாகிவிட்டார்கள். டீக்கடையில், ரேஷன் வரிசையில், எங்கே போனாலும் "நான் பத்தடி தள்ளி நின்னுகினு இருந்தேன்" என்று ஒருவர் கிடைப்பார். வெளியூரிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கிக் கலைக்கூடத்துக்குள் வந்தார். நான் அங்கேதான் இருந்தேன்.

"மேடம், நீங்க பாத்தீங்களா?" என்றார். மேடத்தின் கேள்வியை மேடத்திடமே கேட்கிறாரே என்று நினைத்தேன்.

"இல்ல. வீட்ல இருந்தேன். சத்தம் கேட்டது. பட்டாசுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். வாட்ச்மேன் எத்திராஜுக்கு மனசே ஆறவில்லை. "இன்னா மேடம், கூட நாலு வார்த்த சேத்துச் சொல்லக் கூடாது? ஃபோட்டோ எட்த்திருப்பான். நம்ம ஆபீஸ் பேப்பர்ல வந்துருக்கும்."

"அந்த நாலு வார்த்தைக்கு நான் எங்க போறது எத்திராஜ்?" என்றார் மேடம்.

அவருடைய இந்தக் குணம் எனக்கு எப்போதும் பிடித்திருந்தது என்று சொன்னால் அது பொய். ஒருமுறை ஒரு குடும்பம் பழைய குத்துவிளக்கு ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. ஐந்நூறு வருஷத்து விளக்கு, ஊருக்கே இருக்கட்டும் என்று கொடுக்க வந்தார்கள். மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அவ்ளோ பழசு இல்லம்மா. உங்க மாமியார் காலத்துப் பித்தளையா இருக்கும்" என்றார். அந்த அம்மா முகம் சுண்டிப்போய் அழுதுவிட்டார். ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்திருந்தால் என்ன என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அடுத்த வாரம் அந்த விளக்கு இரண்டாவது அறையில் இருந்தது. அட்டையில், 'பார்த்தது: பித்தளை விளக்கு. தினமும் துடைத்துத் துடைத்து முகப்பில் இருந்த அன்னத்தின் கண் தேய்ந்திருக்கிறது. அருகில் வந்து பாருங்கள்' என்று இருந்தது. அந்த அம்மா உறவுக்காரர்களை அழைத்துவந்து அந்தத் தேய்ந்த கண்ணைக் காட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

மேடத்துக்குப் புருஷன் இருக்கிறாராம், பம்பாயில் இருக்கிறாராம், இல்லை, கல்யாணமே ஆகவில்லையாம் என்று தெருவில் பேசுவார்கள். ஒருநாள் தைரியமாக, "இப்படியெல்லாம் சொல்றாங்க மேடம்" என்று ஆரம்பித்தேன். அவர் சாப்பாட்டு டப்பாவிலிருந்து நிமிராமல், "வலது பக்கம் எழுதிக்கோ" என்றார். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே ஒருவரை மதிக்க முடியும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

என் பெரிய கவலை திவ்யாவின் பேச்சு. இரண்டு வயது முடிந்தும் ஒரு வாக்கியம் வரவில்லை. சில வார்த்தைகள்தான், அதுவும் வெளியாட்கள் முன்னால் வாயே திறக்க மாட்டாள். மாமியார் ஊரிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் ஒரு கோயில் பெயர் எழுதுவார். டாக்டர் "எல்லாம் சரியாயிடும்" என்றார். பக்கத்து வீட்டில் "எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். மேடத்திடமும் அதையே கேட்க வேண்டும் போல இருந்தது.

"சரியாயிடுமா மேடம்?"

"எனக்குத் தெரியாது" என்றார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் வீட்டுப் புழுக்கம் தாங்காமல் போனபோது, அவர் எதையும் கண்டுகொள்ளாதவர் மாதிரி என்னை உட்காரச் சொல்லி நோட்டைத் திறந்து காட்டினார். ஒரு புதுப் பக்கம். இடப்பக்கம் மட்டும் வரிசையாக எழுதியிருந்தது. காக்கா. தண்ணி. வேணாம். குதி. அம்மா எங்க. தாத்தா தூங்கு.

"இதெல்லாம் திவ்யா இங்க சொன்னது. என் காதால கேட்டதுதான். இருந்தாலும் இடது பக்கம் போட்டுட்டேன்" என்றார். "தாத்தா தூங்குன்னது எத்திராஜப் பாத்து. ரெண்டு வார்த்தை சேத்து சொல்லியிருக்கா. நீ கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. பேசவில்லையே என்ற கவலையில் அவள் பேசியதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். அவர் கோட்டை மீறி நான் அறிந்தது அந்த ஒருமுறைதான்.

'குதி' என்று அவள் சொன்னது குதிரையை. வடக்குப்பட்டில் அய்யனாரப்பன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வைத்த மண் குதிரை அது. கோயிலைச் சீர்செய்தபோது அந்த ஊர்க்காரர்களே கலைக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். பெரிய குதிரை இல்லை. திவ்யா பக்கத்தில் நின்றால் அவள் தலைக்கு அதன் தலை சரியாக இருக்கும். நெற்றியில் மண்ணாலேயே மணி, கழுத்தில் மாலை, விடைத்த இரண்டு காது. உள்ளே நுழைந்ததும் அவள் நேராக அதனிடம்தான் போவாள்.

ஆகஸ்டு மாதம் ஒருநாள் மேடம் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்திராஜ் டீ குடிக்கப் போயிருந்தார். இரண்டாவது அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சுவரில் இருந்த ஓவியத்தின் அட்டையை வாசித்துக்கொண்டிருந்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. திரும்பினேன். திவ்யா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கையில் அதன் இடது காது.

அடுத்து நான் செய்ததை எத்தனையோ முறை மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன், மனசுக்குள். நிஜத்தில் செய்தது இதுதான். காதைப் பிடுங்கித் தரையில் வைத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். மேடம் வந்ததும், "நாங்க வந்தப்பவே கீழ கெடந்துச்சு மேடம்" என்றேன். அவமானத்துக்கு மட்டும் நான் பயப்படவில்லை. அது சாமிக்கு நேர்ந்த குதிரை. பேச்சு வராத குழந்தைமேல் சாமி குத்தமும் சேர்ந்தால் என்ன செய்வேன் என்றுதான் அந்த ஒரு நொடியில் ஓடியது. படித்தவள்தான் நான். படிப்பு அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை.

"நீ பாத்தியா?" என்றார்.

"ஆமா மேடம். தரையில."

அவர் என்னையும் குழந்தையையும் ஒருமுறை பார்த்தார். நோட்டைத் திறந்தார். இடப்பக்கம், 'காது, இடது. புது உடைப்பு. உட்புறம் சிவப்பு மண்' என்று எழுதினார். பிறகு கை கோட்டைத் தாண்டியது. 'வந்தபோதே தரையில் கிடந்ததாகக் கேட்டது.' நான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னதை அவர் வலப்பக்கம் எழுதினார். சலங்கை சத்தமும் ராஜா கதையும் இருக்கும் பக்கம். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பேன்.

"பசை போட்டு ஒட்டிடலாமே மேடம்? தெரியவே தெரியாது."

"தெரியாதுங்கறதுதான் பிரச்சனை" என்றார்.

அன்று மாலையே புது அட்டை ஏறிவிட்டது. 'இடது காது இந்த ஆண்டு இந்த அறையில் உடைந்தது. எப்படி என்று தெரியவில்லை.' அதைப் பார்த்ததும் எத்திராஜ் தலையில் கைவைத்தார். "மேடம், அடுத்த புதன்கெழம மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் வராரு. இங்க சரியான பாதுகாப்பு இல்ல, நல்ல பொருளெல்லாம் அங்க எட்த்துக்கினு போயிடலாம்னு அவங்க போன வருசத்திலேர்ந்து சொல்லிக்கினு கீறாங்க. நீங்களே ஒடஞ்சதுன்னு எழுதி மாட்டிட்டு ஒக்காந்துருக்கீங்க."

"உடைஞ்சிருக்கே."

"அதான் எப்பிடின்னு தெரியலியே. தெரியலன்னா பேய் வந்து ஒடச்சுதுன்னா நெனைப்பாரு? இந்த எத்திராஜ் தூங்கிட்டான்னு நெனைப்பாரு."

நான் குழந்தைக்குப் பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். அதில் பால் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஒரு பொருளுக்கு ஏதாவது நேர்ந்தால், அதைக் கொடுத்த ஊருக்கு நேரில் போய்ச் சொல்வது மேடத்தின் வழக்கம். கடிதம் போட மாட்டார். முதலில் கண்டவரையும் கூட அழைத்துப்போவார். ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் குடையோடு நின்றார். "வடக்குப்பட்டுக்குப் போறேன். நீதானே மொதல்ல பாத்தே. வரியா?"

தெரிந்துதான் கூப்பிடுகிறாரா, தெரியாமல் கூப்பிடுகிறாரா? வழியெல்லாம் இதே யோசனை. பஸ் ஜன்னலில் திவ்யா மாடுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். எல்லா மாடும் அவளுக்கு ஒன்று.

கோயில் ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் இருந்தது. வரிசையாக மண் குதிரைகள். மேடம் வந்திருப்பது தெரிந்து ஏழெட்டுப் பேர் கூடினார்கள். குதிரையை நேர்ந்துவிட்ட குடும்பத்து முனியம்மா என்ற அம்மா எல்லாருக்கும் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். மேடம் குடையை மடக்கினார்.

"உங்க குதிரைக்கு எடது காது உடைஞ்சிடுச்சும்மா. எங்க ரூம்லதான். நாங்க சரியாப் பாத்துக்கல. அத சொல்லத்தான் வந்தேன்."

"ஆரு ஒடச்சது?"

"தெரியல."

"தெரியலன்னா இன்னாம்மே அர்த்தம்? ஆபீஸ்னு வெச்சுகினு, வாட்ச்மேன்னு ஒரு கெழவன வெச்சுகினு? அவன் குறட்ட வுட்டுகினு இருந்தானா?"

மேடம், "அவர் அப்ப அங்க இல்ல. யார் மேல தப்புன்னு எனக்குத் தெரியாம சொல்ல முடியாது. பொறுப்பு என்னுது" என்றார். சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றார். அவரைவிட நாலு விரல் குள்ளமான முனியம்மாவின் முன்னால், வெயிலில், நான் செய்த தப்புக்கு.

நான் வேர்மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன்.

"எம் பொண்ணுதாங்க உடைச்சா. நான்தான் பொய் சொல்லிட்டேன். கொழந்தைக்கு இன்னும் சரியாப் பேச்சு வரல. சாமி குத்தம் ஆயிடுமோன்னு..."

அதற்குமேல் எனக்கும் பேச்சு வரவில்லை. முனியம்மா என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அத்தோ பாரு. அடுத்தது ஏறிடுச்சு."

திரும்பினேன். திவ்யா வரிசையின் கடைசிக் குதிரைமேல் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னாலேயே அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு, மற்ற குதிரைகள்மேல் உட்கார்ந்திருந்தன. அப்போதுதான் அந்த வரிசையைச் சரியாகப் பார்த்தேன். ஒன்றுக்கு வால் இல்லை, ஒன்றுக்கு மூக்கு இல்லை. முழுக் காதோடு ஒரு குதிரைகூட இல்லை. யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

"இதுக்கா பஸ் புட்ச்சு வந்தீங்க?" என்றார் முனியம்மா. "எங்க வூட்டுப் புள்ளைங்க ஒடைக்காத காதா? குதிரன்னு ஒண்ணு நின்னா புள்ள ஏறத்தான் ஏறும். அய்யனாரப்பன் இன்னா, கேஸா போடப் போறாரு?" பிறகு என் முகவாயைத் தொட்டு, "அழுவாத கண்ணு. இந்தா, மோர் குடி" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மேடம் நோட்டைத் திறந்தார். "காதப் புடிச்சு இழுத்தாளா, கழுத்தக் கட்டிக்கிட்டாளா?"

"நான் பாக்கல மேடம். சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்ப கட்டிக்கிட்டு நின்னா."

"சரி." பஸ் ஆட்டத்தில் கோணலாக எழுதினார்.

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியாது. நெனச்சேன்" என்றார். "நெனச்சத எழுத இதுல எடம் இல்ல."

புதன்கிழமை ஆபீசர் வந்தார். நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன், போனேன். மேடம் குதிரைக்குப் புது அட்டை எழுதி மாட்டியிருந்தார். அதை வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் பெயர் இருக்குமோ, திவ்யா பெயர் இருக்குமோ என்று தாழ்வாரத்திலேயே நின்றேன். ஆபீசர் அதை இரண்டு முறை வாசித்தார். கடைசியில் மேடத்தைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"யாரு இந்தத் தாய்?"

"அட்டையில பேர் போடறதில்ல சார்" என்றார் மேடம். நான் ஐந்தடி தள்ளி நின்றிருந்தேன்.

"குழந்தை உடைச்சதுன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"குழந்தை உடைச்சதுன்னு நினைப்பாங்க சார்."

அவர் வாயைத் திறக்கும் முன் வாசலில் சத்தம். முனியம்மாவும் அந்த ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேடம் ஆபீசர் வரும் கதையை அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எத்திராஜின் தங்கை அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முனியம்மா நேராகக் குதிரையிடம் போய் உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"சார், இத்த மெட்ராஸுக்கு எட்த்துகினு போவப் போறீங்களாமே?"

"அங்க பாதுகாப்பா இருக்கும்மா. கண்ணாடிப் பெட்டி இருக்கு."

"கண்ணாடி ஒடையாதா சார்?"

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"இங்க கீதுன்னா சந்தைக்கு வர்றப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம். அங்க வெச்சா இது ஆரு குதிரன்னு ஆருக்குத் தெரியும்? காது போனா யாரு வந்து எங்ககிட்ட சொல்லுவா? இந்தம்மா வெயில்ல வந்து சொல்லிச்சு சார்."

மூதேவிக்கு எதிரில் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள், பேப்பர் படிக்கும் வாத்தியார், எல்லாரும் அந்த அறை வாசலில் கூடிவிட்டார்கள். ஆபீசர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். கிளம்பிப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பொருள்கள் இருக்கலாம், சுற்றித் தடுப்புக் கட்டை போட வேண்டும். மேடம் தச்சரை அழைத்துவந்து, திவ்யாவைக் குதிரைக்கு முன்னால் நிறுத்தி அவள் நெஞ்சுயரத்துக்கு ஒரு பென்சில் கோடு போட்டார். "இதுக்கு மேல வேணாம். கை எட்டக் கூடாது, கண்ண மறைக்கவும் கூடாது."

அந்தத் தீபாவளிக்குள் எங்களுக்கு ஒரகடம் பக்கம் வேறு வீடு கிடைத்தது. காற்றோட்டமான வீடு. பொம்மை ஆபீஸுக்குப் போகக் காரணம் இல்லாமல் போனது. அடுத்த வருஷம் மேடத்துக்கு மாற்றல் என்று கேள்விப்பட்டேன். சேலம் என்றார்கள், மதுரை என்றார்கள். போய்ப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன்.

திவ்யா இப்போது நாலாவது படிக்கிறாள். வாயை மூடு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னவனுக்கு ஒன்றரை வயது, அவன் நடப்பதில் எனக்கு இப்போது கவலை. ஹைவேஸ் ஓரமெல்லாம் கம்பெனிகளுக்குக் காம்பவுண்டு எழும்புகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். பிடித்த ஒரு பொருளின் அட்டையைப் பார்த்து எழுதி வர வேண்டுமாம். சாயங்காலம் நான் சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் சமையலறை வாசலில் நின்று சத்தமாக வாசித்தாள்.

"பார்த்தது: மண் குதிரை. வடக்குப்பட்டு. இடது காது இல்லை. கேட்டது: தொண்ணூற்றொன்றில் ஒரு சிறு குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டபோது உடைந்தது என்று அதன் தாய் சொன்னார்."

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஏழு வருஷமாக நான் வாசிக்காத அட்டை.

"இன்னும் ஒரு வரி இருக்கும்மா" என்றாள். "அந்த வரிக்கு மட்டும் திரும்பவும் 'பார்த்தது'ன்னு போட்டிருக்கு. தப்பா எழுதிட்டாங்களோன்னு டீச்சர்கூடக் கேட்டாங்க."

"வாசி."

"பார்த்தது: யாரும் கேட்காமலே அந்தத் தாய் எழுந்து நின்றார்."

சின்னவன் சோற்றுக்கு வாயைத் திறந்து காத்திருந்தான். திவ்யா நோட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"யாரும்மா அந்தப் பாப்பா?"

"இங்க வந்து உக்காரு" என்றேன்.